குடும்பத்துக்கு ஓர் இழுவைப் படகு: எதைப் பார்த்து வாங்குவது?



இன்றைய தலைப்பைக் கேட்டதும் சிலர் சிரித்திருக்கலாம். "பிரிக்பீல்ட்ஸில் காரை நிறுத்தவே இடமில்லை, இதில் படகு வேறா?" என்று கேட்பதும் நியாயம்தான். ஆனாலும் பள்ளி விடுமுறைக்குப் போர்ட்டிக்சன் போகும் குடும்பங்களைப் பாருங்கள். பனானா போட்டில் ஒரு சுற்று முடிந்ததுமே பிள்ளைகள் அடுத்த சுற்றுக்குக் கை நீட்டுகிறார்கள். வீடு திரும்பும் வழியில், "அப்பா, நமக்கே ஒரு படகு இருந்தால் நாள் முழுக்க விளையாடலாமே" என்ற பேச்சு எழுகிறது. அப்பா கைப்பேசியில் விலையைத் தேடத் தொடங்குகிறார். அம்மா, "முதலில் உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்கிறார். இந்த இரண்டு பேருக்கும்தான் இன்றைய பேச்சு.

இழுவைப் படகு என்றால் கயிறு கட்டி ஆளை இழுக்கும் படகு. பின்னால் நீர்ச்சறுக்குப் பலகையிலோ, வேக்போர்டிலோ, காற்றடைத்த டியூபிலோ ஒருவர் வருவார். இந்த விளையாட்டு தொடங்கியதே ஒரு குடும்பத்தில்தான். 1922ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பெப்பின் ஏரியில் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயது இளைஞர், மரப்பலகைகளின் நுனியைக் கொதிநீரில் வேகவைத்து வளைத்து, காலில் மாட்டிக்கொண்டு நின்றார். படகை ஓட்டியது அவருடைய சகோதரர் பென். அது சாதாரண வேலைப் படகு. அவர்களிடம் விளையாட்டுக்கென்று தனிப் படகு கிடையாது.

நம் நாட்டிலும் இது குடும்ப விளையாட்டாகவே வளர்ந்திருக்கிறது. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் மலேசியரான அலெக்ஸ் யூங்கின் வீட்டில் நீர்ச்சறுக்கு எல்லோருக்கும் பழக்கம். அவருடைய தங்கை ஆலியா 2011ஆம் ஆண்டு சீ விளையாட்டுப் போட்டியில் களமிறங்கியபோது வயது எட்டு. 2017இல் கோலாலம்பூர் சீ விளையாட்டு நடந்தபோது நீர்ச்சறுக்குப் போட்டிகள் புத்ராஜெயா ஏரியில் நடந்தன. எட்டு வயதுப் பிள்ளை செய்யக்கூடிய விளையாட்டுதான் இது. அதற்குத் தகுந்த படகு வேண்டும். படகைத் தெரிந்து ஓட்டும் பெரியவரும் வேண்டும்.

முதலில் தண்ணீர், அப்புறம் படகு

படகு வாங்கப் போகிறவர்கள் குதிரைத்திறன் எவ்வளவு, இருக்கை எத்தனை, பாட்டுப்பெட்டி உண்டா என்றுதான் கேட்கிறார்கள். முதல் கேள்வி அதுவல்ல. இந்தப் படகை எந்தத் தண்ணீரில் இறக்கப் போகிறீர்கள்?

கிள்ளான் பள்ளத்தாக்கில் குடியிருப்பவருக்கு இதற்குப் பதில் சொல்வது எளிதல்ல. புத்ராஜெயா ஏரி ஆற்றைத் தடுத்து உருவாக்கிய ஏரி, ஏறக்குறைய 400 ஹெக்டர். பார்க்க அழகு, அலையும் குறைவு. ஆனால் சொந்தப் படகைக் கொண்டுபோய் நினைத்த இடத்தில் இறக்கிவிட முடியாது. புத்ராஜெயா நிர்வாகத்தின் அனுமதி, நேரம், பகுதி எல்லாவற்றையும் முன்கூட்டியே கேட்டு அறிய வேண்டும். கிள்ளான் கேட்ஸ், உலு லங்காட் பக்கத்து அணைகள் நாம் குடிக்கும் தண்ணீர். அங்கே விசைப்படகுப் பேச்சே கூடாது. திரெங்கானுவின் கென்யிர் ஏரி கடல் போல விரிந்தது, ஆனால் கோலாலம்பூரிலிருந்து ஐந்து மணி நேரத்துக்கும் மேலான பயணம். 1980களில் காட்டை மூழ்கடித்து உருவான ஏரி என்பதால் தண்ணீருக்கு அடியில் பட்ட மரங்கள் இன்னும் நிற்கின்றன. நீர்மட்டம் இறங்கும் மாதங்களில் அந்த மரக்கட்டைகள் படகின் அடியையும் கிழிக்கும், சறுக்கி வருபவரின் காலையும் கிழிக்கும்.

மிஞ்சுவது கடல். கிள்ளான் துறைமுகப் பக்கம் ஏற்ற இறக்கம் நான்கு மீட்டரைத் தாண்டும் நாட்கள் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது இன்னும் கூடும். காலையில் தண்ணீர் தளும்பிய சாய்தளத்தில் படகை இறக்கிவிட்டு மத்தியானம் திரும்பினால், அங்கே முழங்கால் ஆழச் சேறு காத்திருக்கும். கெத்தாம் தீவுப் படகுகள், மீன்பிடிப் படகுகள், சரக்குக் கப்பல்கள் போய்வரும் வழியில் பிள்ளையை டியூபில் இழுப்பது எந்த வகையிலும் புத்திசாலித்தனம் இல்லை. அதனால் கடலில் விளையாட நினைக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் போர்ட்டிக்சன் பக்கம்தான் போகின்றன.

தண்ணீர் முடிவானால் படகு பாதி முடிவானது போல. அமைதியான ஏரிக்கு அடிப்பாகம் தட்டையான படகு சரியாக இருக்கும். அது கிளப்பும் அலை சிறிது, கற்றுக்கொள்பவர் தடுமாறாமல் நிற்கலாம். அதே படகை மலாக்கா நீரிணையின் சிற்றலையில் ஓட்டினால் தகரக் கூரைமேல் ஓடுவது போல முதுகு வலிக்கும். கடலுக்கு அடிப்பாகம் ஆழமான 'வி' வடிவப் படகு வேண்டும். அலையை வெட்டிக்கொண்டு போகும், ஆனால் பின்னால் பெரிய அலையை விட்டுச் செல்லும். இரண்டுக்கும் ஒரே படகு என்று விற்பவர் சொன்னால், அவர் விற்பதில் கெட்டிக்காரர் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் எங்கே இருக்கிறது?

இந்தப் பேச்சில் வேறு எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம். குடும்பப் படகுகளில் எஞ்சின் மூன்று விதமாக அமைந்திருக்கும்.

படகின் பின்புறத்தில் வெளியே தொங்குவது அவுட்போர்டு. மீனவர் படகுகளில் எல்லோரும் பார்த்ததுதான். உள்ளே எஞ்சின், பின்னால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காற்றாடி என்பது இரண்டாவது விதம், ஸ்டெர்ன்டிரைவ். மூன்றாவது இன்போர்டு. எஞ்சினும் உள்ளே, காற்றாடியும் படகின் அடியில், பின்விளிம்புக்கு முன்னாலேயே ஒளிந்திருக்கும். நாட்டிக், மாஸ்டர்கிராஃப்ட், மாலிபு என்று பெயர் பெற்ற நீர்ச்சறுக்குப் படகுகள் இந்த மூன்றாவது வகை.

காற்றாடி எங்கே என்பது ஏன் முக்கியம்? பிள்ளை தண்ணீரில் விழுந்து, திரும்ப ஏறுவதற்காகப் படகின் பின்புறம் நீந்தி வருகிறது. அவுட்போர்டு, ஸ்டெர்ன்டிரைவ் படகுகளில் காற்றாடி அந்தப் பின்புறத்தில்தான் இருக்கிறது. இன்போர்டில் அது அடியில் மறைந்திருப்பதால் ஆபத்து குறைகிறது. குறைகிறது, அவ்வளவுதான். எந்தப் படகானாலும் ஆள் நெருங்கினால் எஞ்சினை அணைத்தே ஆக வேண்டும். கியரை நடுவில் போட்டு வைப்பது போதாது. கை தெரியாமல் பட்டால் கியர் விழும்.

வேக்சர்ஃபிங் என்ற விளையாட்டு இப்போது பிள்ளைகளிடம் பரவியிருக்கிறது. கயிற்றைக் கைவிட்டு, படகின் அலையிலேயே சறுக்குவது. ஆள் படகுக்கு மிக அருகில் இருப்பார். அவுட்போர்டுக்குப் பின்னாலோ வழக்கமான ஸ்டெர்ன்டிரைவுக்குப் பின்னாலோ இதை ஒருபோதும் செய்யக் கூடாது. 'அண்ணன் யூடியூபில் பார்த்தான்' என்று ஆரம்பிக்கும் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இன்னோர் ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. பெட்ரோல் எஞ்சினின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, வாசமில்லை. படகு மெதுவாக ஓடும்போது பின்விளிம்பில் காற்று சுழன்று அந்தப் புகையைத் திரும்ப உள்ளே இழுக்கும். 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் லேக் பவல் ஏரியில், ஒரு வீட்டுப் படகின் பின்மேடைக்கு அருகே நீந்திய 8 வயதும் 11 வயதுமான சகோதரர்கள் இருவர் இறந்தார்கள். படகின் ஜெனரேட்டர் புகை மேடைக்கு அடியில் தேங்கியிருந்தது. அதன் பிறகு அரசு ஆய்வாளர்கள் பழைய பதிவுகளைப் புரட்டியபோது, நீரில் மூழ்கிய மரணம் என்று எழுதப்பட்ட சிலவற்றுக்குப் பின்னால் இந்தப் புகை இருந்தது தெரியவந்தது. எஞ்சின் ஓடும்போது பிள்ளைகள் பின்மேடையில் உட்காரக் கூடாது, அதைப் பிடித்துக்கொண்டு தொங்கவும் கூடாது. தலைவலிக்கிறது, குமட்டுகிறது என்று பிள்ளை சொன்னால் வெயில் என்று தள்ளிவிட வேண்டாம்.

இப்போது பராமரிப்பு. நீர்ச்சறுக்குக்கென்றே செய்த இன்போர்டு படகுகளில் பல, நன்னீர் ஏரிக்காகக் கட்டப்பட்டவை. வெளித்தண்ணீரை உறிஞ்சி நேரே எஞ்சினுக்குள் ஓடவிட்டுக் குளிர்விக்கும். அதைக் கடலில் ஓட்டினால் உப்பு எஞ்சினை உள்ளிருந்தே அரிக்கும். கடலுக்கு எடுத்துப் போவதாக இருந்தால் மூடிய குளிர்விப்பு முறை உள்ளதா என்று கேளுங்கள். அவுட்போர்டுக்கு ஒரு வசதி உண்டு. வேலை முடிந்ததும் தூக்கி நிறுத்தலாம், நன்னீர்க் குழாயை மாட்டிக் கழுவிவிடலாம். கிள்ளானிலோ போர்ட்டிக்சனிலோ அவுட்போர்டு பழுது பார்க்கத் தெரிந்த கைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை, மீனவர்கள் இருக்கும் இடமெல்லாம் அந்தத் தொழில் இருக்கிறது. இன்போர்டுக்கு உதிரிப்பாகம் வெளிநாட்டிலிருந்து வரும்வரை படகு வாசலில் நிற்கும்.

ஆகவே பெரும்பாலான குடும்பங்களுக்கு, 17 முதல் 20 அடி நீளம், 115 முதல் 150 குதிரைத்திறன் கொண்ட அவுட்போர்டு படகே போதும். டியூப் இழுக்கும். இரட்டைப் பலகையில் பிள்ளையை எழுப்பும். வேக்போர்டும் பழகலாம். வேகத்தைப் பற்றிப் பலருக்குத் தவறான எண்ணம். போட்டியாளர்கள் ஒற்றைப் பலகையில் மணிக்கு 58 கிலோமீட்டர் வரை போவார்கள். சிறுபிள்ளை எழுந்து நிற்க 20 முதல் 25 கிலோமீட்டர் போதும். படகு சட்டென்று இழுத்து எழுப்ப வேண்டும், எழுந்தபின் அதே வேகத்தில் ஆடாமல் போக வேண்டும். வாங்கும்போது பார்க்க வேண்டியது இந்த இரண்டும்தான். உச்ச வேகத்தைப் பெருமைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கயிறு கட்டும் இடத்தையும் பாருங்கள். நடுவில் கம்பம் உள்ள படகில், ஆள் பக்கவாட்டில் இழுத்தாலும் படகு திசை மாறாது. பின்விளிம்பு வளையத்தில் கட்டினால் பின்புறம் ஆடும், ஓட்டுபவர் சமாளிக்க வேண்டும். தலைக்கு மேல் கோபுரம் வைத்த படகுகளில் வேக்போர்டுக் கயிற்றை அதில் கட்டலாம். டியூபை அதில் கட்டவே கூடாது. டியூபின் மூக்கு தண்ணீருக்குள் புகுந்தால் ஏற்படும் இழுப்பு சாதாரணமல்ல, அவ்வளவு உயரத்திலிருந்து இழுத்தால் படகே சாயும்.

ஜெட் ஸ்கீயை வைத்து இழுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மூன்று பேர் உட்காரும் வண்டியாக இருந்தால் முடியும். ஓட்டுபவர், பின்னோக்கி உட்கார்ந்து கவனிப்பவர், விழுந்தவர் ஏறி உட்கார ஓர் இடம். ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் மற்ற இருவர் கரையில் மணல் எண்ண வேண்டியதுதான்.

தரையில் ஆகும் செலவு

படகு வருடத்தில் பெரும்பாலான நாட்கள் தரையில்தான் இருக்கும். 19 அடிப் படகை ட்ரெய்லரில் ஏற்றினால் நீளம் ஏழு மீட்டரைத் தாண்டும். தாமான்களில் உள்ள வரிசை வீட்டின் முன்றிலில் அது அடங்காது. தெருவில் நிறுத்தினால் பக்கத்து வீட்டு அங்கிள் முதல் நாள் சிரிப்பார், மூன்றாம் நாள் நகராண்மைக் கழகத்துக்குப் போன் போடுவார். படகுத் துறையில் வைத்தால் மாத வாடகை.

இழுக்கும் வாகனம் அடுத்தது. அவுட்போர்டு படகு, ட்ரெய்லர், எண்ணெய், சாமான் எல்லாம் சேர்ந்து ஒன்றரை டன்னைத் தொடும். வேக்போர்டுக்கென்றே செய்த பெரிய படகானால் ட்ரெய்லரோடு மூன்று டன்னை நெருங்கும். மைவியாலோ சாகாவாலோ ஆகிற காரியமில்லை, பிக்அப் வேண்டும். ட்ரெய்லர் பதிவுக்கு ஜேபிஜே, படகின் உரிமத்துக்கும் ஓட்டுபவருக்கு என்ன தகுதி வேண்டும் என்பதற்கும் ஜபாத்தான் லாவுட் என்கிற கடல் துறை, சிலாங்கூரின் ஆறு ஏரிகளுக்கு லுவாஸ் என்று தனித்தனி வாசல்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த வாசல்களில் நேரில் போய்க் கேட்பது நல்லது. "எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்ற விற்பனையாளரின் சொல்லைச் சாலைத் தடுப்பில் காட்ட முடியாது.

பெரிய இன்போர்டு எஞ்சின் ஒரு மணி நேரத்தில் 20 லிட்டருக்கு மேல் குடிக்கும். வருடத்தில் நான்கு முறைதான் தண்ணீரில் இறங்குவீர்கள் என்றால், ஓட்டுநரோடு படகை வாடகைக்கு எடுப்பதே சிக்கனம். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. சேமநிதியில் கை வைத்துப் படகு வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

நீச்சல் தெரியாத பயணிகள்

நம் தாத்தா பாட்டிகள் ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வங்காள விரிகுடாவைக் கடந்து பினாங்கிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் வந்து இறங்கியவர்கள். சுவெட்டன்ஹாம் துறைமுகம்தான் 1972இல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறியது. கடல் தாண்டி வந்த குடும்பங்களில் இன்றும் பலருக்கு நீச்சல் தெரியாது. "தண்ணிப் பக்கம் போகாதே" என்று சொல்லியே பிள்ளைகளை வளர்த்துவிட்டோம். படகு வாங்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து முதலில் வீட்டில் எல்லோரையும், அம்மாவையும் சேர்த்து, நீச்சல் வகுப்புக்கு அனுப்ப வேண்டும்.

2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் தமிழ்நாட்டின் பழவேற்காட்டில் நடந்ததைச் சிலர் நினைவில் வைத்திருக்கலாம். விடுமுறைக்கு வந்த குடும்பத்தினர் ஒரே படகில் ஏறிச் சென்றார்கள், படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உயிர்காப்பு அங்கி இல்லை. உறவுக்காரர்கள் ஒன்றுகூடும் நாளில் "இன்னும் ஒருத்தர்தானே, ஏறிக்கொள்ளட்டும்" என்று சொல்வது நம் வழக்கம். கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லலாம், படகில் கூடாது. எத்தனை பேர், எத்தனை கிலோ என்று படகில் ஒரு தகடு ஒட்டியிருக்கும். அதில் எட்டு என்றால் எட்டுதான். அந்த எண்ணும் அமைதியான தண்ணீரை வைத்துச் சொல்வது. ஆளை இழுக்கும் நாளில் அதைவிடக் குறைவாக ஏற்றுவதே சரி. தகடு இல்லாத பழைய படகாக இருந்தால் வேறு படகு பாருங்கள்.

உயிர்காப்பு அங்கியிலும் வித்தியாசம் உண்டு. தண்ணீரில் விழுந்ததும் காற்று நிரம்பும் மெல்லிய அங்கி இழுவை விளையாட்டுக்கு உதவாது. வேகமாக விழும் உடம்பைத் தாங்க நுரை நிரப்பிய அங்கி வேண்டும். போட்டியாளர்கள் அணியும் இறுக்கமான அங்கிகளில் சில அடியைத் தாங்குமே தவிர ஆளை மிதக்க வைக்கும் தகுதிச் சான்று பெற்றவை அல்ல. சிறுபிள்ளைக்கு "வளர்ந்தபின் போடலாம்" என்று பெரிய அளவு வாங்க வேண்டாம். பள்ளிச் சீருடைக்கு அது சரி. அங்கியின் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது பெரிது.

படகில் இருவருக்கு வேலை. ஒருவர் ஓட்டுவார், முன்னால் மட்டும் பார்ப்பார். இன்னொருவர் பின்னால் வரும் ஆளை மட்டும் பார்ப்பார், அவர் கையில் கைப்பேசி இருக்கக் கூடாது. கட்டைவிரல் மேலே என்றால் வேகம் கூட்டு, கீழே என்றால் குறை. விழுந்தவர் கையை உயர்த்திக் காட்டினால் நலம். கை உயரவில்லையா, உடனே திரும்புங்கள். ஓட்டுபவரின் உடம்போடு எஞ்சினை இணைக்கும் சிவப்புக் கயிறு ஒன்று உண்டு. அவர் தண்ணீரில் விழுந்தால் அது கழன்று எஞ்சின் நின்றுவிடும். வெளியே ஓடும் படகுகளில் பல நேரம் அந்தக் கயிறு சாவியில் தொங்குகிறது, இடுப்பில் இல்லை.

மழையையும் மறக்கக் கூடாது. மேற்குக் கரையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையிலும் காலையிலும் 'சுமாத்திரா' என்று சொல்லப்படும் திடீர்ப் புயற்காற்று நீரிணையைத் தாண்டி வரும். கிள்ளான் பள்ளத்தாக்கில் மத்தியானத்துக்குப் பிறகு இடி என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே காலைச் சுமாத்திரா கடந்ததா என்று பார்த்து இறங்கி, மத்தியானத்துக்குள் கரையேறிவிடும் திட்டம் வேண்டும். கனமழைக்கு மறுநாள் ஏரியில் இறங்குவதும் நல்லதல்ல. 2000ஆம் ஆண்டு சபாவில் நடந்த இகோ சேலஞ்ச் சாகசப் போட்டியில் ஆற்றில் நீந்திய வெளிநாட்டு வீரர்கள் பலர் ஊர் திரும்பியபின் எலிக்காய்ச்சலில் படுத்தார்கள். காலில் புண் உள்ள பிள்ளையை அன்றைக்குக் கரையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய படகு வாங்குகிறவர்கள் சாயத்தின் பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். தரையைக் காலால் அழுத்திப் பாருங்கள், மெத்தென்று இறங்கினால் உள்ளே மரம் ஊறியிருக்கிறது. எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது, உப்புத் தண்ணீரில் ஓடியதா என்று கேளுங்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கையோடு அழைத்துப் போய் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். கரையில் எஞ்சினை முடுக்கிக் காட்டினால் போதாது, தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்பா மட்டும் போகக் கூடாது. அம்மா, பிள்ளைகள், வழக்கமாக வரும் தாத்தா, சாப்பாட்டுக் கூடை எல்லாம் ஏறட்டும். அத்தனை எடையோடு படகு ஒருவரை எழுப்புகிறதா, தாத்தா ஏணி வழியாகத் தானாக ஏற முடிகிறதா, ஓட்டுநர் இருக்கையிலிருந்து அம்மாவுக்கு முன்பக்கம் தெரிகிறதா என்று பாருங்கள். ஏனென்றால் அப்பா பலகையில் ஏறும்போது படகை ஓட்டப்போவது அம்மாதான்.